தங்கபுஷ்பம் அக்கா மன்னிக்கவில்லை

விளாத்திகுளம் பேருந்து நிலையத்தில் கோவில்பட்டி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது தங்கபுஷ்பம் அக்காவின் தம்பி கூப்பிட்டார். "எங்க அக்கா போயிட்டா. நீங்க நேரா வீட்டுக்கு வந்திருங்க," என்று மட்டும் சொன்னார். முந்தாநாள்தான் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். கஞ்சியில் உப்பில்லை என்று நர்ஸோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சண்டை போடத் தெம்பு இருக்கிறது, பிழைத்துக்கொள்வார் என்று நம்பி வந்தேன். அவர் நெஞ்சு வேறு மாதிரி முடிவெடுத்துவிட்டது. வண்டி வந்ததும் ஏறி உட்கார்ந்தேன். அக்காவுக்கு இடம்பிடிக்கிற பழக்கத்தில் பக்கத்து இருக்கையில் என் பையை வைத்திருந்தேன். யாரோ எடுக்கச் சொன்ன பிறகுதான் எடுத்தேன்.

எட்டயபுரம் தாண்டுவதற்குள் செல்போனில் இரங்கல் செய்தி வந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து வேலை பார்த்த காலத்தில் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் எங்கள் பெரிய ஆலோசகர் எழுதியிருந்தார்: "ஆழ்ந்த இரங்கல். ஈடு செய்ய முடியாத இழப்பு. எங்கள் குழுவின் தூண் சாய்ந்தது." கீழே கும்பிடும் கைகள். அக்காவின் உடல் அப்போது வீட்டுக்குக்கூட வந்து சேரவில்லை. அந்தத் தூணை இடித்துத் தள்ளியவரே அவர்தான். அழுகை வந்திருக்க வேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம் வந்தது. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கேடயங்களிலும் அழைப்பிதழ்களிலும் அது போதுமான அளவுக்கு அச்சாகியிருக்கிறது. அக்காவோடு பழகிய உங்களுக்கு ஆள் யாரென்று தெரியும்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் பார்த்தது கணக்கெடுப்பு வேலை. வெள்ளமோ வறட்சியோ புயலோ வந்தால் எந்த ஊர் எவ்வளவு அடிவாங்கும், அடிவாங்கியபின் எழுந்திருக்க அந்த ஊர்க்காரர்களிடம் என்ன இருக்கிறது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு மதிப்பெண் போடுவோம். மழை முறைதவறிப் பெய்கிற காலமாகிவிட்டது. யாருக்கு முதலில் உதவி போக வேண்டும் என்று முடிவுசெய்ய அரசாங்கத்துக்கு இந்த மதிப்பெண் வேண்டும். வேலையை எடுத்தது ஒரு தனியார் ஆலோசனை நிறுவனம். சென்னையில் இருந்த பெரிய ஆலோசகர் தலைவர். புள்ளியியல் படித்த அக்கா எங்கள் கரிசல் பக்கத்துக்குப் பொறுப்பாளர். நான் அவரோடு ஊர் ஊராகச் சுற்றியவள். அக்கா இந்த வேலையை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்: "மழை எல்லாருக்கும் ஒண்ணு போலத்தான் பெய்யுது. யாரு வீட்டுக்குள்ள பெய்யுதுன்னு பாக்குறதுதாட்டி நம்ம சோலி."

முதன்முதலில் அவரோடு போனது ஓட்டப்பிடாரம் பக்கத்தில் ஓர் ஊருக்கு. "உங்கள் வீடு கனமழையைத் தாங்குமா?" என்று தாளில் இருந்த கேள்வியை அப்படியே கேட்டேன். வீட்டுக்காரர், "தாங்குமே, நல்ல வீடுல்லா," என்றார். வெளியாள் முன்னால் தன் வீட்டைக் குறைசொல்ல யாருக்கு மனம் வரும்? அக்கா என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, மழைக்குப் பாய எந்த மூலைக்கு இழுத்துப் போடுவீங்க?" என்றார். அவர் யோசிக்காமல் வடக்கு மூலையைக் கைகாட்டினார். "பிள்ளைங்க?" "அதுகளும் அங்கனதான்." "நீங்க ரெண்டு பேரும்?" "நாங்க உக்காந்துக்கிடுவோம்." அக்கா தலையாட்டிக்கொண்டே எழுதினார். டீக்கடைக்கு வந்தபின் என்னிடம், "பொய் சொல்ல வைக்கிற கேள்வியக் கேட்டுட்டு, ஊர்க்காரன் பொய் சொல்லுதான்னு சொல்லக்கூடாது," என்றார். அதற்குப் பிறகு எங்கள் தாள்களில் பாய் பற்றிய கேள்வியும் ஏறியது. சென்னையில் சிரித்துக்கொண்டே அதை நீக்கினார்கள். நாங்கள் கையால் எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தோம்.

அக்கா பொறுமைசாலி, எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதவர் என்று இரங்கல் கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் பேசினார்கள். அவர்கள் யாரைச் சொன்னார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்த தங்கபுஷ்பம் அக்கா எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொள்வார். விளாத்திகுளத்துக்கும் குளத்தூருக்கும் நடுவே வெள்ளோடைப்பட்டி என்று ஓர் ஊர். உப்பளத்து வேலைக்குப் போகிற பெண்கள் அந்த ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில்தான் ஏறி இறங்க வேண்டும். ஒரு நடத்துநர் அங்கே நிறுத்த மாட்டேன் என்று அடம்பிடித்தார். அக்கா அவரோடு வாதாடவில்லை. குளத்தூர் வரைக்கும் போய் இறங்கி, அதே வண்டியில் டிக்கெட் எடுத்துத் திரும்ப ஏறினார். விலக்கு வந்ததும், "நிப்பாட்டுங்க," என்றார். வண்டி நிற்கவில்லை. விளாத்திகுளத்தில் இறங்கி மறுபடி ஏறினார். அந்த மனிதரின் வேலைநேரம் முடிகிறவரைக்கும் போவதும் வருவதுமாக, ஒவ்வொரு நடைக்கும் அதே குரலில், "நிப்பாட்டுங்க." கடைசி நடையில் வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். வண்டி நின்றது. அக்கா இறங்கவில்லை. "நிக்கும்னு தெரிஞ்சா போதும், நீங்க போங்க," என்று உட்கார்ந்துகொண்டார். நடத்துநர் முகத்தில் ஈயாடவில்லை. அதற்குப் பிறகு அங்கே வண்டி நிற்கிறது.

அந்த வெள்ளோடைப்பட்டியால்தான் அக்கா கடைசிவரை தூக்கம் கெட்டார். சின்ன ஊர். ஒரு பக்கம் ஓடை, மற்ற மூன்று பக்கமும் கரிசல் காடு. மிளகாயும் பருத்தியும் கம்பும் வானத்தை நம்பி விதைப்பவை. ஆடு மேய்க்கிற குடும்பங்களும் உண்டு. ஊருக்குள் போக ஓடைமேல் ஒரு தரைப்பாலம். ஓடையில் கொஞ்சம் தண்ணீர் கூடினாலும் அது முங்கிப்போகும். காட்டுவழியாகச் சுற்றிப் போகலாம் என்றால், நனைந்த கரிசலில் வண்டிச்சக்கரம் உருளாது, மனிதன் கால் எடுத்துவைக்க முடியாது. வீடுகள் பெரும்பாலும் அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள். கோடையில் வெடித்து மழையில் ஊதுகிற மண்மேல் கான்கிரீட் வீடு எத்தனை நாள் நிற்கும்? சுவரெல்லாம் விரிசல். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பொருள், உயரமான பாலம். கணக்கெடுப்பில் ஆபத்து மிகுந்தவையாகச் சிவப்பு என்று வருகிற ஊர்களுக்குப் பாலம் முதலில் என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளோடைப்பட்டி சிவப்பாக வரும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் சித்திரை மாதம் என்றால் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. ஊருக்கு ஊர் ஒரே சமயத்தில் வரும். அக்கா தன் சொந்த ஊர்க் கொடைக்கு லீவு போட்டுப் போயிருந்தார். நான் ஓட்டப்பிடாரம் பக்கத்தில் இருந்தேன். அறிக்கை கொடுக்கக் கெடு நெருங்குகிறது என்று பெரிய ஆலோசகர், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வெளியூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களை வெள்ளோடைப்பட்டிக்கு அனுப்பிவிட்டார். அவர்கள் போய் இறங்கியது கொடைச் செவ்வாய். திருப்பூரிலும் மும்பையிலும் வேலை பார்க்கிற ஆண்கள் அத்தனை பேரும் ஊரில் இருந்தார்கள். வாடகைக்கு எடுத்த சீரியல் விளக்குகள் வாசலுக்கு வாசல் தொங்கின. நேர்ச்சைக் கிடாய் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் மஞ்சள் பூசி, மாலை போட்டு நின்றது. இரவல் வாங்கிய நாற்காலிகளில் விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாவற்றையும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. கொடைநாளில் எங்கள் பக்கத்தில் யாரும் 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். ஆத்தா ஊருக்குள் வந்து இறங்கியிருக்கும் நாளில் வீட்டில் ஒன்று இல்லை என்று வாயால் சொன்னால் வருஷம் முழுக்க அது இல்லாமலே போகும் என்பது நம்பிக்கை. உப்புத் தீர்ந்தால்கூட, "உப்பு நெறஞ்சிருக்கு, வாங்கிட்டு வா," என்றுதான் சொல்வார்கள். அந்த நாளில் போய், "சேமிப்பு இருக்கிறதா? வருஷம் முழுக்கச் சாப்பாட்டுக்கு இருக்கிறதா? குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா?" என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? "ஆத்தா புண்ணியத்துல எல்லாம் நெறஞ்சிருக்கு," என்று கும்பிட்டுச் சொன்னார்கள். வந்தவர்களுக்குக் கறிச்சோறும் போட்டு அனுப்பினார்கள்.

முடிவு வந்தது. கால்நடை வளம் உண்டு, உழைக்கும் வயதில் வீட்டுக்கு மூன்று ஆண்கள் உண்டு, கான்கிரீட் வீடு உண்டு, குறை ஒன்றும் இல்லை. வரைபடத்தில் வெள்ளோடைப்பட்டிக்குப் பச்சை அடித்துவிட்டார்கள். மழை பார்க்காமல் வருஷக்கணக்கில் காய்ந்துகிடந்த ஊரைப் பச்சையாக்க வருணபகவானுக்கு முடியவில்லை, நம் ஆலோசகருக்கு முடிந்தது. அக்கா லீவு முடிந்து வந்து அதைப் பார்த்ததும் நின்றபடியே சென்னைக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எல்லாம் கேட்டது.

"சார், கொடைக்கு வெட்ட நிறுத்தியிருந்த கிடாய எல்லாம் சொத்துன்னு எழுதியிருக்கீங்க. அந்தக் கிடாய் இப்ப எங்க இருக்குன்னு தெரியுமா?"

"எங்கே மேடம்?"

"உங்க ஆளுங்க வயித்துல."

அவர் சிரித்தார். பிறகு, "தரவு தரவுதான் மேடம். நமக்கு வசதியா இல்லைன்னு மாத்த முடியாது," என்றார். மறுபடி ஒருமுறை கணக்கெடுக்க வேண்டும், அவருக்கு ஒரு ரூபாய் செலவில்லாமல் தானும் நானும் போய் எடுத்துத் தருவதாக அக்கா கெஞ்சாத குறையாகச் சொன்னார். கெடு முடிந்துவிட்டது என்று அவர் சொல்லிவிட்டார். கொடையைப் பற்றி அக்கா விளக்கமாக எழுதி அனுப்பியதை அவர் பார்த்தார், புரிந்துகொண்டார், அதன்பிறகும் கையெழுத்துப் போட்டார். தெரியாமல் செய்தவரை நான் திட்டமாட்டேன். இவர் தெரிந்து செய்தார். அறிக்கை நேரத்துக்குப் போனதால் அவருக்கு அடுத்த மாவட்டத்து வேலையும் கிடைத்தது. பாலம் வேறு ஊருக்குப் போனது.

அந்த மார்கழியில் பெய்த மழையை நம் பக்கத்தில் யாருக்கும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. வெள்ளோடைப்பட்டியில் முத்துமாரி என்கிற பெண்ணுக்கு அன்று காலையில் இடுப்புவலி கண்டது. தலைப்பிள்ளை. புருஷன் காளிராஜ் ஆடு மேய்ப்பவன். போன் போட்டவுடன் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, ஆனால் ஓடைக்கு அந்தப் பக்கம். தரைப்பாலம் இருந்த இடமே தெரியவில்லை. கட்டிலோடு முத்துமாரியைத் தூக்கி ஓடைக்கரைவரை கொண்டுவந்தார்கள். கரிசல் சேறு முழங்கால்வரை இழுத்தது. அக்கரையில் ஆம்புலன்ஸின் சிவப்பு விளக்கு சுற்றிக்கொண்டே இருப்பதை இந்தப் பக்கமிருந்து எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் வடியவில்லை. நடுப்பகலில் தார்ப்பாய்க்கு அடியில் பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. பொழுது சாய்வதற்குள் இறந்துபோனது.

தண்ணீர் இறங்கியதும் நானும் அக்காவும் போனோம். எந்த வீட்டுக்குப் போனாலும் பத்துக் கேள்வி கேட்கிற அக்கா அன்று முத்துமாரியிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் காலில் காய்ந்திருந்த சேற்றை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தார். காளிராஜ் வாசலில் நின்று மழையைத் திட்டிக்கொண்டிருந்தான். வெளியே வந்த அக்கா அவன் தோளைப் பிடித்து, "மழையத் திட்டாத. மழைக்கு இந்த ஊரு பேரு தெரியாது. தெரிஞ்ச ஆளு ஒருத்தரு இருக்காரு," என்றார். அதைச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சமும் உயரவில்லை. கூட நின்ற எனக்குப் பயமாக இருந்தது.

தை பிறந்ததும் பெரிய ஆலோசகர் வெள்ளச் சேதத்தைப் பார்வையிட வந்தார். புகைப்படக்காரரையும் கூட்டிவந்தார். அக்கா முந்தினநாளே ஊரில் போய்ச் சொல்லிவைத்திருந்தார். அம்மன் கோயில் முன்னால் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தார்கள். கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். ஊரே சுற்றி உட்கார்ந்தது. "சார், ஊர்க்காரங்க உங்களப் பத்தித் தெரிஞ்சுக்கிட ஆசைப்படுதாங்க. ரெண்டு கேள்வி," என்று அக்கா அவருடைய கேள்வித்தாளையே எடுத்தார். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

"ஆடு எத்தனை சார்?" "ஆடா? இல்லை." "மாடு?" "இல்லை." "கோழி?" கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்தார். நாய் இருக்கிறது என்றார். "உங்க தாள்ல நாய்க்கு எடம் இல்லியே சார்," என்றார் அக்கா. உழவு நிலம் இல்லை. தங்கியிருப்பது வாடகை வீடு. உழைக்கும் வயதில் வீட்டில் தங்கியிருக்கும் ஆண்கள்? மகன் வெளிநாட்டில், ஆக அவர் ஒருத்தர்தான். குடிதண்ணீர்? கேனில் வாங்குகிறோம் என்றார். "தண்ணிய வெலைக்கா வாங்குதீங்க?" என்று ஒரு பெண் கன்னத்தில் கைவைத்தாள். கடைசிக் கேள்வி, ஆபத்துக்கு ஓடிவருகிற அண்டைவீட்டார் யார் யார், பெயர் சொல்லுங்கள் என்பது. எதிர்வீட்டுக்காரர் பெயர் அவருக்குத் தெரியவில்லை. இப்போது அவர் சிரிக்கவில்லை.

அக்கா எல்லோர் முன்னாலும் கூட்டிப் பார்த்தார். "சார், உங்க வீடு சிவப்பு. எங்க ஊரு பச்சை." காளிராஜ் எழுந்து, "அப்ப சாருக்கு நிவாரணம் குடுங்கப்பா," என்றான். ஒரு பை அரிசி, ஒரு பாய், ஒரு பிளாஸ்டிக் வாளி. வெள்ளத்துக்கு அவர்களுக்கே வந்தவை. அவர் மடியில் வைத்தார்கள். ஊர் கைதட்டியது. அவர் கூட்டிவந்த புகைப்படக்காரர் பழக்கத்தில் படமும் எடுத்துவிட்டார். "இது நாகரிகம் இல்லை மேடம்," என்றார் அவர். "தரவு தரவுதான் சார்," என்றார் அக்கா. நான் அன்றைக்குச் சிரித்த மாதிரி அதற்குப் பிறகு சிரித்ததில்லை. ஆனால் முத்துமாரி அந்தக் கூட்டத்தில் சிரிக்கவில்லை. அக்கா அதைப் பார்த்தார். திரும்பும்போது, "இது வெறும் எரிச்சல் தீக்கிறதுதான் சுப்பு. கணக்கு இன்னும் தீரல," என்றார்.

பெரிய ஆலோசகர் சும்மா விடுவாரா? அக்காவின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. ஒத்துழைக்காதவர், குழுவில் வேலைசெய்யத் தெரியாதவர் என்று இந்தத் துறையில் இருக்கிற எல்லா நிறுவனத்துக்கும் வாய்வழியாகச் செய்தி போயிற்று. அதற்குப் பிறகு அக்காவுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. கல்லூரிப் பிள்ளைகளுக்கு வீட்டில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். திங்கட்கிழமை மட்டும் பாடம் கிடையாது. அன்று தூத்துக்குடி கலெக்டர் அலுவலகத்தில் மனுக்கொடுக்கும் நாள். வெள்ளோடைப்பட்டியை மறுபடி கணக்கெடுக்க வேண்டும் என்று ஒரே மனுவை, தேதியை மட்டும் மாற்றி, வாராவாரம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஊரிலிருந்து ஆளுக்கொரு வாரம் கூடப் போனார்கள். அங்கிருந்த பணியாளர்கள் பார்த்தவுடனே, "வாங்க வெள்ளோடைப்பட்டி," என்று கூப்பிடத் தொடங்கினார்கள். "எதுக்கு மேடம் ஒரே மனுவ எழுதுதீங்க, கொஞ்சம் மாத்தி எழுதலாம்லா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "பாலம் இன்னும் மாறலியே," என்றாராம்.

போன ஆடி மாதம் மறுகணக்கெடுப்புக்கு உத்தரவு வந்தது. வேலை அதே நிறுவனத்துக்கு, தலைவர் அதே பெரிய ஆலோசகர். உள்ளூர்க்காரர்கள் சொல்லும் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. அதை அக்காவே கேட்டுப் போராடி வாங்கினார். அந்த இடத்துக்கு அக்கா பெயரைத்தான் ஊர் எழுதிக்கொடுத்தது. உத்தரவை வாங்கிவந்த அந்த வாரமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் பெரிய ஆலோசகர் வந்தார். ஆப்பிளும் ஆரஞ்சும் கொண்டுவந்தார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்கவில்லை. நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

"பழசை மறந்துடுவோம் மேடம். மறுபடி சேர்ந்து வேலை செய்யப்போறோம். நான் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன்," என்றார்.

"எதுக்கு சார்?" என்று அக்கா கேட்டார்.

"எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும்னா எனக்குப் புரியல. எதுக்குன்னு சொல்லுங்க."

அவர் பழப்பையைக் கீழே வைத்தார். "அந்தக் கணக்கெடுப்புல நடந்த சின்னத் தவறுக்கு."

அக்கா எழுந்து உட்கார முயன்றார், முடியவில்லை. படுத்தபடியே, "எனக்கு வேலதான் சார் போச்சு. அத நான் பாத்துக்கிட்டேன். எங்கிட்ட எதுக்குக் கேக்குதீங்க? முத்துமாரிகிட்டப் போய்க் கேளுங்க. அவ மன்னிச்சா சரி. ஊருக்கு வழி உங்களுக்குத் தெரியும், ஓடையத் தாண்டிப் போகணும்," என்றார். கட்டாயம் போகிறேன் என்றார் அவர். அவர் போனதும் அக்கா முத்துமாரிக்குப் போன் போடச் சொன்னார். "தாயி, ஒருத்தரு உன்னத் தேடி வருவாரு. வந்தா உக்கார வச்சுப் பேசு. மன்னிக்கிறதும் மன்னிக்காததும் உன் இஷ்டம்," என்றார். பிறகு என்னிடம், "அந்தப் பழத்த வார்டுல யாருக்காச்சும் குடுத்துரு. நமக்கு வேண்டாம்," என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

பதினாறாம் நாள் கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாம் எல்லோரும் கூடினோம். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். பெரிய ஆலோசகர் மேடையேறி, அக்கா படத்துக்கு ஆளுயர மாலை போட்டு, குரல் தழுதழுக்கப் பேசினார். கடைசிச் சந்திப்பில் அக்கா தன் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் போகட்டும் சார்" என்று மனதார மன்னித்துவிட்டதாகவும், அவர் விட்டுச்சென்ற வேலையை அவர் ஆசியோடு தான் முடிக்கப்போவதாகவும் சொன்னார். முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அக்கா உயிரோடு இருந்தவரை அவர் பிழைப்பைப் பிடுங்கினார். செத்தபிறகு அவர் வாயில் இல்லாத வார்த்தையையும் வைக்கிறார். நான் எழுந்தேன். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து முத்துமாரி எழுந்துவிட்டாள்.

"சார், அக்கா உங்கள எங்கிட்டல்லா அனுப்புனாவ," என்றாள். ஒலிவாங்கி இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது. "நான் வீட்லதான் இருக்கேன். தெனமும் பாக்குதேன். உங்களுக்குன்னு கலர் வாங்கி வச்சிருந்தேன். நீங்க இன்னும் வரலியே சார்."

நேரம் கிடைக்கவில்லை, வேலை அதிகம் என்று ஏதோ சொன்னார். அவள் உட்காரவில்லை, அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மேடையிலிருந்து இறங்கினார். பந்தி போட்டிருந்தோம். சாப்பிடாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்தபின் உங்களில் சிலர் என்னிடம் வந்து, போனவர் போய்விட்டார், இனி எதற்குப் பகை, அந்த மனிதரும் வயதானவர், விட்டுவிடு என்று சொன்னீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். விட மாட்டேன். பகையை விட்டுவிட்டால் முத்துமாரியின் பிள்ளை மழையால் செத்தது என்று ஆகிவிடும். ஊர் மறுபடி பச்சையாகிவிடும். அக்காவின் கண்ணாடியை அவர் தம்பி வைத்துக்கொண்டார். புத்தகங்களைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். என் பங்குக்கு அக்காவின் கோபத்தை எடுத்துக்கொண்டேன். வேறு யாரும் கேட்கவில்லை.

குழுவில் அக்காவின் இடத்துக்கு வெள்ளோடைப்பட்டி இப்போது என் பெயரை எழுதிக்கொடுத்திருக்கிறது. மறுகணக்கெடுப்பை எந்த மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று நிறுவனத்திலிருந்து கேட்டார்கள். பங்குனியில் வைத்தால் சாருக்கு வசதி, கார் ஊருக்குள் வரை போகும் என்றும் சொன்னார்கள். கார்த்திகை என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். தரைப்பாலத்துக்கு மேல் முழங்கால் அளவு தண்ணீர் போகும் மாதம். குழுத் தலைவர் முதல் நாள் நேரில் வந்தாக வேண்டும் என்று உத்தரவில் இருக்கிறது. கார் அந்தக் கரையிலேயே நின்றுவிடும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, காலால் தடவித் தடவி இறங்கி வரட்டும். யாரும் கைகொடுக்கக் கூடாது என்று காளிராஜிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இந்தக் கரையில் முத்துமாரி நிற்பாள். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்கு நானும் பக்கத்தில் நிற்பேன்.